தப்புக் கணக்கு

"டீச்சர், எழுத்தும் கணக்கும் சொல்லிக் குடுப்பீங்கன்னுதான் புள்ளய அனுப்பி வச்சோம். தப்பு அடிக்கவா அனுப்பி வச்சோம்?"

கையில் கவ்வாத்துக் கத்தியோடு, மழையில் நனைந்தபடி, வாசற்படியிலேயே நின்று ஒரு தந்தை என்னிடம் இவ்வாறு கேட்டார். உள்ளே ஏறத்தாழ 20 பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய மகளின் மடியில் தப்பு இருந்தது. நான் உடனே மறுமொழி கூறவில்லை. அவருடைய கேள்விக்குள்ளே இரண்டு கேள்விகள் இருந்தன. கலையினால் படிப்பு வருமா என்பது ஒன்று. அந்தக் கருவியை யார் தொடலாம் என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு ஓரளவு விடை காண எனக்கு 2 ஆண்டுகள் பிடித்தன. இரண்டாவது கேள்விக்கு நாங்கள் இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறோம்.

நான் ஹட்டனை அடுத்த ஒரு பாடசாலையில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்றவள். என் தாய் 30 ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். லயத்துக் காம்பராவில், ஸ்தோப்பில் எரிந்த ஒற்றை விளக்கின் கீழே நான் படித்தேன். ஆகவே தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசும்போது அயலாரின் துயரத்தைப் பேசுவதாக எனக்குத் தோன்றுவதில்லை.

இம்மண்ணில் கல்வியின் வரலாறு நெடிய புறக்கணிப்பின் வரலாறாகும். 1907ஆம் ஆண்டின் சட்டம், 6 முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதைத் துரைமாரின் கடமையாக்கியது. கடமை ஏட்டில் இருந்தது. பிள்ளைகள் மலையில் இருந்தார்கள். 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே விடப்பட்டன. 1970களின் பிற்பகுதியிலேதான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. நாட்டின் ஏனைய பிள்ளைகள் ஒரு தலைமுறைக்கு முன்னே புறப்பட்டுவிட்ட பாதையில் எங்கள் பிள்ளைகள் பிந்தி அடியெடுத்து வைத்தார்கள். பின்னர் 2020இல் நோய்த் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் கைத்தொலைபேசிக்குள் புகுந்தன. ஒரு வீட்டுக்கு ஒரு தொலைபேசியும் இல்லாத லயங்களில், இருந்த தொலைபேசிக்கும் சமிக்ஞை தேடிப் பிள்ளைகள் மலையுச்சிக்கு ஏறினார்கள். 2022இல் எரிபொருள் இல்லாமற் போனபோது மீண்டும் வகுப்புகள் நின்றன. அவ்வாண்டு தரம் 6க்கு வந்த பிள்ளைகளுள் தமது பெயருக்கு மேல் எழுதத் தெரியாதவர்களைக் கண்டேன். அப்போதுதான் பக்கத்துத் தோட்டமொன்றிலே, பயன்படாதிருந்த பழைய பிள்ளைக் காம்பராவைக் கேட்டு வாங்கி, மாலை வகுப்பைத் தொடங்கினோம். கணித ஆசிரிய நண்பர் ஒருவரும் உடன் வந்தார்.

தொடக்கம் தோல்விதான். கலையோடு கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு முதலிலேயே இருந்தது. ஆனால் நான் கொண்டுபோன கலை எது? நகரத்துக் கடையில் வாங்கிய வண்ணப் படங்கள். கடலும் கப்பலும் பற்றிய குழந்தைப் பாட்டுகள். பிள்ளைகள் பணிவோடு பார்த்தார்கள், பணிவோடு பாடினார்கள். பாட்டு முடிந்ததும் மௌனம். கசப்பு மருந்தின் மேல் சர்க்கரை பூசுவதைப் போல, எழுத்தின் மேல் கலையைப் பூசிக் கொடுக்கிறேன் என்பதை அப்போது நான் உணரவில்லை.

மாசி மாதம் வந்தது. எங்கள் பக்கத்தில் காமன் கூத்து ஆடும் மாதம் அது. கம்பம் நடுவார்கள்; இரதியும் மதனும் வேடமிட்டு ஆடுவார்கள்; பௌர்ணமியில் மதன் எரிவான். அம்மாதம் முழுவதும் என் வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை. கோபத்தோடு தேடிப் போனேன். காமன் பொட்டலில் அவர்கள் இருந்தார்கள். தரம் 9இல் படித்த ஒரு பையன் கூத்து வாத்தியாரின் பக்கத்தில் நின்று தப்பு அடித்தான். வகுப்பில் கணக்குக் கொப்பியைத் திறந்தாலே தலையைக் குனிந்துகொள்பவன் அவன். அங்கே அடியை இரட்டித்தான்; பின்பு பாதியாக்கினான்; இடையிலே ஓரடியை விழுங்கிவிட்டு ஆட்டக்காரனின் கால் தரையில் விழும் அந்தக் கணத்திலே சரியாக வந்து சேர்ந்தான். இரட்டிப்பதும் பாதியாக்குவதும் கழிப்பதும் சேர்ப்பதும் கணக்கு அல்லவா? கணக்குத் தெரியாதவன் என்று நாங்கள் முடிவு கட்டியவன் இரவெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அதை நாங்கள் கணக்கென்று அறியாதிருந்தோம்.

மறுவாரம் தப்பு வகுப்புக்குள் வந்தது. கூத்து வாத்தியாரும் வந்தார்.

கணித நண்பர் பிள்ளைகளை இரு குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழு 'தகிட' என்று மூன்று மூன்றாகத் தட்டவேண்டும். மறு குழு 'தகதிமி' என்று நான்கு நான்காக. ஒவ்வொரு குழுவும் தன் முதல் தட்டை உரக்கத் தட்டவேண்டும். முதல் அடியில் இரு குழுவும் ஒன்றாக முழங்கின. அதன்பின் பிரிந்தன. மீண்டும் எந்த அடியில் ஒன்றாக முழங்கும்? எண்ணினார்கள். 13ஆவது அடியில். 12 அடிகள் கழிந்தபின் இரண்டும் சந்திக்கின்றன. மூன்றையும் நான்கையும் பெருக்கினால் 12 என்று ஒரு சிறுமி கூவினாள். அடுத்து நான்கும் ஆறும். பெருக்கிப் பார்த்து 24 என்று எல்லோரும் உறுதியாகச் சொன்னார்கள். தட்டினார்கள். தப்பு 12இலேயே சந்தித்துவிட்டது! ஒரு கணம் வகுப்பு திகைத்தது. "எண்ணினது பிழை" என்றார்கள் சிலர். மறுபடி தட்டினார்கள்; மறுபடியும் 12. ஏன் என்று தேடத் தொடங்கினார்கள். நான்கிலும் இரண்டு இருக்கிறது, ஆறிலும் இரண்டு இருக்கிறது, அதை இருமுறை எண்ணிவிட்டோம் என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். பாடநூலில் 'பொது மடங்குகளுட் சிறியது' என்று பெயரிட்டு நாங்கள் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி அழித்த பாடம் அதுவே.

தப்பு கணக்கைத் தந்ததென்றால் கோலமும் தந்தது. மார்கழியிலும் தைப்பொங்கலுக்கும் லயத்து வாசலில் கோலமிடாத வீடு குறைவு. நடுவில் 7 புள்ளி, இருபுறமும் 5, 3, 1 என்று குறைந்து வரும் நேர்ப்புள்ளிக் கோலத்தை ஒரு சிறுமி வெண்கட்டியால் போட்டாள். மொத்தம் எத்தனை புள்ளி? எண்ணி 25 என்றார்கள். எண்ணாமல் சொல்ல வழியுண்டா என்று கேட்டோம். ஒரு பக்கத்து 1, 3, 5 சேர்ந்தால் 9. நடு 7ஐயும் சேர்த்து மறுபக்கத்து 1, 3, 5, 7 சேர்ந்தால் 16. மும்மூன்று ஒன்பது, நந்நான்கு பதினாறு. ஒற்றை எண்களைத் தொடர்ந்து கூட்டினால் சதுர எண் வருகிறது என்பதைச் சீமெந்துத் தரை கற்பித்தது. 1970களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிப்ட் சிரோமணியும் அவருடைய தோழர்களும் இக்கோலங்களிலிருந்தே கணினி அறிவியலுக்குரிய வடிவ இலக்கணங்களை வகுத்தார்கள். அதைச் சொன்னபோது ஒரு தாய், "அப்ப நாங்க தெனமும் மிதிச்சிட்டுப் போறது கணக்கா?" என்று கேட்டுச் சிரித்தார்.

எழுத்துக்கு வருவோம். பாடநூலின் முதற்சொல்லை விட்டுவிட்டு 'கொழுந்து' என்ற சொல்லை எடுத்தோம். எழுதுவதற்குக் கடினமான சொல் அது. ஒற்றைக்கொம்பும் காலும் ழுகரமும் மெல்லின மெய்யும் அதில் உண்டு. ஆயினும் பிள்ளைகள் சளைக்கவில்லை. அவர்களுடைய வீட்டில் நாளெல்லாம் ஒலிக்கும் சொல் அல்லவா? 1963இல் பிரேசில் நாட்டின் ஆஞ்சிக்கோஸ் என்ற சிற்றூரில் பாவுலோ பிரெய்ரே 300 தொழிலாளருக்கு அவர்களது வாழ்விலிருந்து எடுத்த சொற்களைக் கொண்டே எழுத்தறிவித்தார். அவர் நூலைப் பட்டப் படிப்பின்போது பரீட்சைக்காகப் படித்திருந்தேன். அதன் பொருளை அந்தக் காம்பராவிலேதான் கற்றேன்.

கூத்து வாத்தியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இரவு முழுவதும் பாடுவதற்குரிய பாட்டுகள் அவர் நெஞ்சில் உண்டு. அவர் பாட, பிள்ளைகள் எழுதினார்கள். எழுதியதை அவர்களே உரக்கப் படித்தார்கள். ஓர் அடி படித்ததும் கிழவர் கையை உயர்த்தி நிறுத்துவார்: "அங்க ஒண்ணு கொறையுது." பார்த்தால் ஓர் எழுத்து விடுபட்டிருக்கும், குறில் வேண்டிய இடத்தில் நெடில் நிற்கும். எழுத்தறியாத ஒருவர் செவியினால் எழுத்துப்பிழை திருத்தினார்! சில மாதங்களில், தம் பாட்டு எழுதப்பட்ட கொப்பியை மடியில் வைத்து, தெரிந்த பாட்டின் மேல் விரலை ஓட்டி ஓட்டி, தெரியாத எழுத்தை அவரும் கற்கத் தொடங்கினார்.

இதிலே புதுமை ஏதுமில்லை. 1931இல் ஹட்டனில் தொழிற்சங்கம் அமைத்த கோ. நடேசய்யர் நாடகமும் எழுதினார். அவருடைய மனைவி மீனாட்சியம்மை தொழிலாளர் கூட்டங்களில் தம் பாட்டுகளைத் தாமே பாடினார். சிறு நூல்களாகவும் வெளியிட்டார். மேடைப் பேச்சைக் கேட்க அஞ்சிய மக்கள் பாட்டைக் கேட்டார்கள். கேட்ட பாட்டு மலைக்கு மலை பரவியது. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டி நூலாக்கினார். அவர்கள் திறந்த வழியை நம் வகுப்பறைகள் மறந்தன. தமிழ்நாட்டில் 1990களின் அறிவொளி இயக்கம் வீதி நாடகத்தோடும் பாட்டோடும் கிராமங்களுக்குச் சென்றது. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்திலும் கலைக்குழுக்களே முன்னே சென்று மாலை வகுப்புகளுக்குப் பிள்ளைகளை அழைத்தன.

இப்போது அந்தத் தந்தையின் இரண்டாவது கேள்வி. தப்பு, சாவுக்கும் கூத்துக்கும் அடிக்கப்படும் கருவி. ஒரு காலத்தில் விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்கு எழுப்பியதும் அதுவே. அதை அடிப்பவர் இன்னார் என்று சாதி வகுத்து வைத்திருக்கிறது. ஒரே லயத்தில், ஒரே தகரக் கூரையின் கீழே, ஒரே கூலிக்கு உழைக்கும் மக்கள் அந்தக் கோட்டைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கும் கீறியிருக்கிறார்கள். நான் சிறுமியாக இருந்தபோது என் தாயும், "அதத் தொடாத" என்று சொன்னதுண்டு. அதை இத்தனை காலம் நான் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று அந்தத் தந்தைக்குப் பேருரை எதுவும் ஆற்றவில்லை. உள்ளே வந்து உட்காரும்படி கேட்டேன். மகள் நான்கும் ஆறும் தட்டிக் காட்டினாள். அவர் எண்ணினார். 12 வந்தபோது அவர் முகத்தில் ஒரு சிறு வியப்பு. எழுந்து போகும்போது, "கணக்குன்னா சரி, ஆனா சாவு வீட்டுல போய் அடிக்கக் கூடாது" என்றார். பாதி வெற்றி, பாதி தோல்வி. வேறு இரண்டு குடும்பங்கள் தம் பிள்ளைகளை நிறுத்திவிட்டன. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையை மேடையேற்றி இழிவை எதிர்க்கும் கருவியாக்கினார்கள் என்று அவர்களிடம் சென்று சொன்னேன். "அது இந்தியாவில" என்றார்கள்.

பிள்ளைகள் ஒரு நாடகம் செய்தார்கள். கொழுந்து மடுவத்தில் நிறுவை நடக்கும் காட்சி. காலை, மதியம், அந்தி என்று மூன்று நிறுவையில் ஒரு தாய் 23 கிலோ கொண்டு வருகிறாள். ஒவ்வொரு நிறுவைக்கும் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று 2 கிலோ கழிக்கப்படுகிறது. 17 கிலோ எழுதப்படுகிறது. நாடகத் தோட்டத்தில் ஒரு பேருக்கு 18 வேண்டும். ஆகவே அவளுக்கு அரைப்பேர். நாளுக்கு 6 கிலோ என்றால் 25 நாளுக்கு எவ்வளவு? 150 என்று பிள்ளைகள் மேடையிலேயே பெருக்கினார்கள். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகும். 150ஐ நாலரையால் வகுத்தால்? பின்னக் கணக்கை வெறுத்தவர்கள் 33 கிலோவும் மூன்றில் ஒரு பங்கும் என்று விடை கண்டார்கள்.

ஆனால் ஒரு சிறுவன் எழுந்து, "நெசமா சாக்கு எவ்வளவு நிறை டீச்சர்?" என்று கேட்டான். யாருக்கும் தெரியவில்லை. கடையிலிருந்து தராசு கொண்டு வந்தோம். காய்ந்த சாக்கு அரைக் கிலோவும் இல்லை. நனைத்து நிறுத்தபோது ஒரு கிலோவைத் தாண்டியது. மழைநாட் கொழுந்தில் நீரின் எடையும் உண்டு. எனவே மழைநாளில் கழிவு ஓரளவு நியாயம், வெயில் நாளில் அதே கழிவு அநியாயம் என்று நாடகத்தின் முடிவை மாற்றினார்கள். வெறும் ஆத்திரத்தைவிட அளந்து பெற்ற நியாயம் வலிமை வாய்ந்தது என்பதை அன்று அவர்களிடம் கற்றேன். அந்த நாடகத்தைப் பார்த்த தாய்மார் சிலர் மறுநாளே தம் நிறுவைகளைக் கொப்பியில் குறித்து வைக்கத் தொடங்கினார்கள். அதற்கு அடுத்த மாதம், பழுது பார்க்க வேண்டியிருப்பதாகக் கூறி, அந்தப் பிள்ளைக் காம்பரா எங்களிடமிருந்து திரும்பப் பெறப்பட்டது. பழுது இதுவரை பார்க்கப்படவில்லை. கோயில் மண்டபத்தில் வகுப்பு தொடர்ந்தது.

இங்கே இக்கட்டுரையை முடித்தால் நல்ல கதையாகத்தான் இருக்கும். ஆனால் உண்மை இன்னும் இருக்கிறது.

காமன் பொட்டலில் தப்பு அடித்த அந்தப் பையன்தான் எங்கள் வகுப்பின் உயிர். நாடகத்துக்கு அடி வகுத்தவன் அவன். பார்க்க வந்தவர்கள் கைதட்டினார்கள். நாங்கள் பெருமிதம் கொண்டோம். ஆண்டிறுதியில் பாடசாலைக் கணித வினாத்தாளில் அவன் பெற்ற புள்ளி 11. தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "இந்தத் தாள்ல தப்பு எங்க டீச்சர்?" என்று கேட்டான்.

பிழை எங்கே என்று கேட்கிறான் என எண்ணி, பிழைகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவன் தலையசைத்துக் கேட்டுக்கொண்டான். வீட்டுக்கு வந்த பிறகே அவன் கேட்டது தன் தப்பை என்பது எனக்கு உறைத்தது. கையில் இருந்த கணக்கு தாளில் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை நாங்கள் அவனுக்குக் காட்டியிருக்கவில்லை. தோலின் மேல் கண்ட 12ஐத் தாளின் மேல் காண இடையிலே ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலத்தைக் கட்டவேண்டிய நாங்கள் கைதட்டலைக் கேட்டுக்கொண்டிருந்தோம். 2024இல், 15 வயதில், அவன் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். 16 வயது வரை கல்வி கட்டாயம் என்று 2016இலிருந்து விதி உண்டு; 16 வயதுக்குமுன் வேலைக்கு அமர்த்தலாகாது என்று 2021இலிருந்து சட்டம் உண்டு. அவன் வீட்டில் கடன் இருந்தது. அந்தக் கடனை எங்கள் தப்பினால் தீர்த்திருக்க முடியாது என்பதை அறிவேன். ஆயினும், தாளிலும் தன் கணக்கை அவன் கண்டிருந்தால் இன்னும் ஓராண்டு நின்றிருப்பானோ என்ற எண்ணம் என்னை விடுவதில்லை. தப்புக் கணக்குப் போட்டவள் நானே.

அதன்பின் எங்கள் முறையை மாற்றினோம். இப்போது ஒவ்வொரு பாடமும் மூன்று படி ஏறும். முதலில் கை: தட்டுவார்கள், ஆடுவார்கள், கோலமிடுவார்கள். அடுத்துக் கோடு: தட்டிய அடிகளைப் புள்ளியாகவும் கோடாகவும் கரும்பலகையில் வரைவார்கள். கடைசியில் எண்: அதே புள்ளிகளை எண்ணாக்கி, வினாத்தாளில் வரும் உருவத்திலேயே ஒரு கணக்குச் செய்வார்கள். கடைசிக் கால் மணி நேரத்தில் தப்பு சுவரிலே தொங்கும். பென்சில் மட்டுமே பேசும். எழுத்திலும் அவ்வாறே: பாடிய பாட்டை எழுதியபின், பாடாத ஒரு பகுதியைப் பாடநூலிலிருந்து படிப்பார்கள். இது பிள்ளைகளுக்கு அவ்வளவு இன்பமான பகுதி அல்ல. ஆனால் இதை விட்டால் அவர்களுக்குச் செய்வது துரோகமாகும். சென்ற ஆண்டு, சாவு வீட்டில் அடிக்கக் கூடாது என்றவரின் மகள் தன் கணிதத் தாளின் ஓரத்தில் சின்னஞ்சிறு புள்ளிகள் இட்டிருந்ததைக் கணித நண்பர் எனக்குக் காட்டினார். நான்கு நான்காகவும் ஆறு ஆறாகவும் இட்ட புள்ளிகள். விடை சரியாக இருந்தது.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! மாலை வகுப்பு நடத்துகிறோம் என்பதால் பகற் பாடசாலையின் குறைகளை மன்னித்துவிட முடியாது. கணிதத்துக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலைக்கு ஆசிரியரைக் கேட்டுப் போராடுவதை எந்தத் தப்பும் கோலமும் ஈடுசெய்ய மாட்டா. அதே வேளையில், நம் மக்களின் கலையை ஆண்டுவிழா மேடைக்கு மட்டும் அழைத்து, வகுப்பறை வாசலில் நிறுத்திவிடும் வழக்கத்தையும் நாம் கைவிட வேண்டும். உங்கள் பாடசாலையில் கணக்கு வராதவன் என்று பெயரெடுத்த ஒரு பிள்ளை இருப்பான். மாலையில் அவன் எங்கே போகிறான் என்று ஒருநாள் பின்தொடர்ந்து சென்று பாருங்கள். அவன் கையில் இருப்பதைக் கண்டுகொண்டால், அதைத் தாளுக்குக் கொண்டுவரும் வேலை உங்களுடையது. அவன் கொழும்புக்குப் பேருந்து ஏறுவதற்கு முன் அதைச் செய்துவிடுங்கள்.

சென்ற தைப்பொங்கலுக்கு அந்தப் பையன் ஊருக்கு வந்திருந்தான். மண்டபத்துக்கும் வந்தான். சுவரில் தொங்கிய தப்பை எடுத்துச் சூடு காட்டி நான்கு அடி அடித்துப் பார்த்தான். கரும்பலகையில் இருந்த புள்ளிகளையும் எண்களையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். "இத அப்பவே போட்டிருக்கலாமே டீச்சர்" என்றான். ஆம் என்றேன். போகும்போது ஒரு பழைய கொப்பி கேட்டான், கொடுத்தனுப்பினேன்.